ஒரே பனி, இரண்டு பெட்டிகள்: ஃப்ரீசருக்குள் ஒரு நுண்ணமைப்புச் சோதனை

பனியைப் பற்றி எதைப் படித்தாலும் முதலில் அடர்த்திதான் வந்து நிற்கும். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. காற்று அடித்து இறுக்கிய பனி 300, 400 கிலோ. ஆண்டுக்கணக்கில் அமுங்கிக் கிடந்து 830 கிலோவை நெருங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுவழிகள் மூடிக்கொண்டு குமிழிகளாகிவிடும். துளையே இல்லாத பனிக்கட்டிக்கு 917. இந்த ஓர் எண் கையில் இருந்தால் வலிமை, வெப்பக் கடத்தல் எல்லாவற்றையும் தோராயமாகக் கணக்கிடச் சூத்திரங்கள் உண்டு. ஆனால் அடர்த்தியைத் தொடாமலேயே பனியின் மற்ற குணங்களைப் பெரிய அளவில் மாற்றிவிட முடியும். அதை என் கையால் செய்து, தொட்டு, அளந்து பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

திட்டம் எளிது. ஒரே பொழிவில் விழுந்த பனியைச் சலித்து இரண்டு பெட்டிகளில் ஒரே அளவு நிரப்ப வேண்டும். ஒரு பெட்டி எல்லாப் பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும். இன்னொன்றுக்கு அடிப்பக்கம் சற்றுச் சூடு, மேல்பக்கம் குளிர். இரண்டுக்கும் சராசரி வெப்பநிலை ஒன்றே, மைனஸ் 9 டிகிரி. சில வாரங்கள் அப்படியே விட்டுவிட்டு, பிறகு இரண்டையும் திறந்து ஒப்பிட வேண்டும். வெப்பநிலைச் சரிவு என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் மாறக் கூடாது. எல்லாக் கவனமும் அதில்தான் போனது.

பெட்டிகளைக் கட்டியது

சரிவுப் பெட்டி 20 செ.மீ சதுரம், பனியின் உயரம் 10 செ.மீ. சுவர்கள் தடித்த தெர்மாகோல். பக்கவாட்டில் வெப்பம் கசிந்தால் சோதனையே வீணாகிவிடும் என்பதால் தெர்மாகோலை 10 செ.மீ கனத்துக்கு அடுக்கி ஒட்டினேன். அடியில் ஒரு மெல்லிய ஹீட்டர் தகடு, அதன்மேல் அலுமினியத் தகடு, அதன்மேல் 3 செ.மீ கனமான அக்ரிலிக் பலகை, மறுபடி ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. இந்த அக்ரிலிக்கை ஏன் இடையில் வைத்தேன் என்று பின்னால் சொல்கிறேன். பனிக்கு மேலே இன்னோர் அலுமினியத் தகடு. ஃப்ரீசருக்குள் மைனஸ் 18 என்றால் இந்த மேல்தகடு மைனஸ் 14-இல் நிற்கும்படி அதன்மேல் ஓர் ஒல்லியான தெர்மாகோல் அட்டையைப் போட்டுச் சரிசெய்தேன். பனியின் அடிப்பக்கத்தை ஒரு தெர்மோஸ்டாட் மைனஸ் 4-இல் பிடித்து வைத்தது. 10 செ.மீ உயரத்துக்குள் 10 டிகிரி வித்தியாசம். மீட்டர் கணக்கில் சொன்னால் ஒரு மீட்டருக்கு 100 டிகிரி.

இது சற்றுக் கடுமையான சரிவுதான். இயற்கையில் ஒரு மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே குறுணைகளில், அதாவது பனியின் துகள்களில், தட்டையான முகங்கள் உருவாகத் தொடங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அரை மீட்டர் பனிக்கு அடியில் தரை பூஜ்ஜியத்திலும் மேற்பரப்பு மைனஸ் 15-இலும் இருந்தால் அதுவே ஒரு மீட்டருக்கு 30 டிகிரி. பனி மெலிதாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கும் இடங்களில் 100 அபூர்வமில்லை.

ஹீட்டருக்கு எவ்வளவு சக்தி தேவை என்று கணக்குப் போட்டபோது வியப்பாக இருந்தது. கன மீட்டருக்கு 200 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பனியின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.1 வாட். அதாவது ஒரு மீட்டர் கனத்துக்கு ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக 0.1 வாட் போகும். சரிவு 100, பரப்பு 0.04 சதுர மீட்டர். பெருக்கினால் 0.4 வாட்! ஒரு சிறு எல்.இ.டி விளக்கு எடுக்கும் அளவு. பக்கக் கசிவையும் சேர்த்து ஒரு வாட்டைச் சுற்றித்தான் ஹீட்டர் ஓடியது. பனி எவ்வளவு நல்ல வெப்பத்தடை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அட்டவணையும் எனக்குக் காட்டியதில்லை.

அடிப்பக்கத்தில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு நீராவி போய்க்கொண்டே இருக்கும். அடியில் இருக்கும் பனிதான் ஆவியாகி மேலே ஏறுகிறது. ஈடுசெய்ய ஒன்றும் இல்லையென்றால் பனிக்கும் தகட்டுக்கும் இடையில் இடைவெளி விழுந்து, அங்கே வெப்பநிலை எப்படிப் போகிறது என்றே சொல்ல முடியாமல் போகும். அதனால் கீழ்த்தகட்டின்மேல் 5 மி.மீ கனத்துக்குத் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, அந்தப் பனிக்கட்டிப் படலத்தின்மேல் பனியைச் சலித்தேன். ஆவி அந்தப் படலத்திலிருந்து போகட்டும், பனி அப்படியே இருக்கட்டும் என்ற ஏற்பாடு.

சமநிலைப் பெட்டி இதைவிட எளிது. மூடியுள்ள அலுமினிய டப்பாவில் பனி, டப்பாவைச் சுற்றி ஹீட்டர் நாடா, அதற்கு வெளியே தெர்மாகோல். அலுமினியம் வெப்பத்தை வேகமாகப் பரப்புவதால் டப்பா முழுவதும் ஒரே மைனஸ் 9. இப்போதைய ஃப்ரீசர்கள் உறைபனி சேராமல் இருக்க அவ்வப்போது உள்ளே தாமாகவே சூடேற்றிக்கொள்ளும். அந்த ஏற்ற இறக்கம் பனிக்கு ஆகாது. கெட்டியான உப்புநீர் நிரப்பிய பாட்டில்களைச் சுற்றிலும் அடுக்கி அந்த அலைச்சலை அடக்கினேன்.

வெப்பமானிகளாக டி.எஸ்.18பி20 சென்சார்கள். மலிவானவை, சின்னவை, நிறைய வைக்கலாம். ஆனால் மைனஸ் 10-க்கு மேல்தான் அரை டிகிரித் துல்லியத்துக்கு உத்தரவாதம், அதற்குக் கீழே தயாரிப்பாளரே இரண்டு டிகிரி வரை பிசகலாம் என்கிறார். எல்லாச் சென்சார்களையும் ஒன்றாகக் கட்டி, நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த கூழில் அமிழ்த்தி, பூஜ்ஜியத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொண்டேன். அப்புறம் அதே கட்டை ஃப்ரீசருக்குள் ஒரு கனமான அலுமினியக் கட்டிக்குள் செருகி, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்றும் பார்த்தேன். சரிவை அளப்பதற்கு உண்மையான வெப்பநிலையைவிட இரண்டு சென்சார்களுக்கு இடையிலான வித்தியாசம் சரியாக இருப்பதே முக்கியம்.

பனி

பனி பொழிந்து முடிந்த இரவில், காற்று அடிக்கும் முன் சேகரித்தேன். லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் ஆறு கிளை நட்சத்திரங்கள், அவற்றின் உடைந்த கைகள். மேகத்தில் மைனஸ் 15 டிகிரியை ஒட்டி வளர்ந்த படிகங்களின் வடிவம் அது. வெப்பநிலைக்கும் ஈரத்துக்கும் ஏற்பப் படிகத்தின் வடிவம் எப்படி மாறும் என்பதை ஜப்பானின் ஹொக்கைடோவில் உகிச்சிரோ நகாயா ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தார். 1936-இல் முயலின் ஒற்றை முடியில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தவர் அவர். ஆனால் நான் தேடியது தரையில் விழுந்த பிறகு நடக்கும் கதையை. அந்த அழகான நட்சத்திரங்கள் தரையில் நெடுநாள் பிழைப்பதில்லை.

2 மி.மீ கண்ணுள்ள சல்லடையால் இரண்டு பெட்டிகளிலும் மாறி மாறிச் சலித்தேன். அடர்த்தியை அளக்க 100 கன செ.மீ கொள்ளளவுள்ள ஒரு தகர வெட்டி. பனிக்குள் செருகி, விளிம்பைச் சீவி, தராசில் வைத்தால் 21 கிராம். கன மீட்டருக்கு 210 கிலோ. அதாவது பெட்டியில் இருப்பதில் 23 சதவீதம்தான் பனிக்கட்டி, மீதி 77 சதவீதம் காற்று. இரண்டு பெட்டிகளிலும் இதே அளவு.

சலித்த பனி கொஞ்ச நேரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். காலையில் பெட்டியைச் சாய்த்தால் கொட்டாமல் கட்டியாக நிற்கும். உருகி உறைந்ததால் வந்த இறுக்கம் என்று தோன்றும், ஆனால் அங்கே உருகுதலே இல்லை. மைனஸ் 9 டிகிரி நமக்குக் கடுங்குளிர். பனிக்கட்டிக்கோ அது உருகுநிலையிலிருந்து மிகக் கிட்டத்தில் உள்ள வெப்பம். கெல்வின் கணக்கில் 264-ஐ 273-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.967 வரும். உருகுநிலைக்கு அவ்வளவு நெருக்கத்தில் எந்தத் திடப்பொருளின் மூலக்கூறுகளும் சும்மா இருக்காது. இரண்டு குறுணைகள் தொட்டால் தொட்ட இடத்தில் ஒரு கழுத்து உருவாகும். குறுணையின் குவிந்த பரப்பில் ஆவியழுத்தம் சற்று அதிகம், குழிந்த கழுத்தில் சற்றுக் குறைவு. அதனால் மூலக்கூறுகள் அங்கிருந்து கிளம்பி இங்கே வந்து படிகின்றன. கழுத்து தடிக்கிறது. தொட்ட ஒரு வினாடிக்குள்ளேயே பனிக்கட்டித் துண்டுகள் ஒட்டத் தொடங்குவதை 2007-இல் ஆய்வாளர்கள் ஸாபோ, ஷ்னேபெலி இருவரும் அளந்து காட்டினார்கள். பனிக்கட்டி வீடு கட்டுவதும், பனியில் பாதை மிதித்து உறுதியாக்குவதும் இந்தக் கழுத்துகளை நம்பித்தான்.

இரண்டு பெட்டிகளும் தொடக்கத்தில் இப்படிக் கட்டிப்பட்டன. வழிகள் பிரிந்தது அதற்குப் பிறகு.

ஆவி எவ்வளவு நகர்கிறது?

மைனஸ் 4-இல் பனிக்கட்டியின் ஆவியழுத்தம் 437 பாஸ்கல். மைனஸ் 14-இல் 181. கீழே மேலேயைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இந்த வித்தியாசம்தான் ஆவியை மேலே தள்ளுகிறது. காற்றில் நீராவி பரவும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்பின் வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 34 கிராம் வருகிறது. என் பெட்டிக்கு அது ஒன்றரை கிராமுக்கும் குறைவு. 840 கிராம் பனியில் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இத்தனை சின்ன ஓட்டம் எப்படிப் பனியையே மாற்றும்?

அந்த 34 கிராம் எவ்வளவு தூரம் போகிறது என்று யோசித்தால் விடை கிடைக்கும். அடியிலிருந்து கிளம்பிய ஆவி நேரே மேல்தகடு வரை போவதில்லை. ஒரு குறுணையின் மேல்முகத்திலிருந்து கிளம்பி, துளையைத் தாண்டி, அடுத்த குறுணையின் அடிமுகத்தில் படிந்துவிடுகிறது. அந்தக் குறுணையின் மேல்முகத்திலிருந்து வேறு மூலக்கூறுகள் கிளம்பி அதற்கும் மேலே உள்ளதில் படிகின்றன. ஜப்பானியர் யோசிதா 1955-லேயே இப்படிக் கைமாறிக் கைமாறிப் போவதை விவரித்திருக்கிறார். இப்போது கணக்கைத் திருப்பிப் போடலாம். 0.3 மி.மீ உயரமுள்ள, ஒரு குறுணை கனத்து அடுக்கின் நிறை, ஒரு சதுர மீட்டருக்கு 63 கிராம். அதன் வழியே நாளொன்றுக்கு 34 கிராம் கைமாறுகிறது. அப்படியென்றால் இரண்டு நாளுக்குள் அந்த அடுக்கில் இருக்கும் பனிக்கட்டி முழுவதும் ஆவியாகி, புதிதாகப் படிந்துவிடுகிறது!

இந்தக் கணக்கை முடித்த பிறகுதான் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்.எல்.எஃப்-இல் பின்ட்ஸர், ஷ்னேபெலி, கெம்ப்ஃபர் மூவரும் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு எவ்வளவு பெரியது என்று உறைத்தது. பனியை ஸ்கேனருக்குள்ளேயே வெப்பநிலைச் சரிவில் வைத்து, உள்ளமைப்பை முப்பரிமாணத்தில் காட்டும் நுண் சி.டி எக்ஸ்ரே படங்களை அடுத்தடுத்து எடுத்து, பனிக்கட்டியின் ஒவ்வொரு பகுதியும் சராசரியாக இரண்டு மூன்று நாளில் முற்றிலும் மாற்றப்படுகிறது என்று நேரடியாகக் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அசையாமல் கிடக்கும் ஒரு பனிப்படிவத்தில், போன வாரம் இருந்த குறுணை ஒன்றுகூட இந்த வாரம் இல்லை. அடர்த்தி மட்டும் அப்படியே.

திறந்தபோது

வாயை முகமூடியால் மூடிக்கொள்ளாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஒரு மூச்சு போதும், லென்ஸுக்குக் கீழே இருக்கும் கூர்முனைகள் மழுங்கிவிடும். கருப்புத் தகடு, லென்ஸ், சிறு கரண்டி, தூரிகை எல்லாம் முன்கூட்டியே ஃப்ரீசரில் குளிர வேண்டும். வெளிச்சத்துக்கு எல்.இ.டி மட்டும்.

முதலில் அடர்த்தி. சமநிலைப் பெட்டியில் பனி சற்று அமர்ந்து 220-ஐ ஒட்டி வந்திருந்தது. சரிவுப் பெட்டியில் நடுப்பகுதி அதே 210. தராசை மட்டும் நம்புபவருக்கு இரண்டும் ஒரே பொருள்தான்.

விரலை வைத்தவுடன் அந்த எண்ணம் போய்விடும். பனியின் கடினத்தைக் கையால் அளக்கும் முறையில் ஆறு படிகள் உண்டு: முஷ்டி, நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி, கடைசியில் கத்தியும் இறங்காத பனிக்கட்டி. மெல்ல அழுத்தினால் எது உள்ளே இறங்குகிறதோ அதுதான் அந்த அடுக்கின் படி. பனிப்படிவுகளுக்கான 2009-ஆம் ஆண்டுச் சர்வதேச வகைப்பாட்டிலும் இந்த முறையே இருக்கிறது. சமநிலைப் பெட்டியில் நான்கு விரல் இறங்கவில்லை, ஒரு விரல்தான் இறங்கியது. கத்தியால் வெட்டி எடுத்த துண்டு விளிம்பு கெடாமல் நின்றது. சரிவுப் பெட்டியில் முஷ்டி தடையே இல்லாமல் உள்ளே போனது. கரண்டியில் அள்ளிய பனி சீனி போல உதிர்ந்து விழுந்தது. ஒரு குறுணையோடு இன்னொன்று ஒட்டவே இல்லை.

லென்ஸில் காரணம் தெரிந்தது. சமநிலைப் பெட்டியின் குறுணைகள் உருண்டையானவை, கால் மி.மீ அளவு, ஒன்றோடொன்று தடித்த கழுத்துகளால் இணைந்தவை. நட்சத்திரக் கைகள் எங்கும் இல்லை. சரிவுப் பெட்டியில் இருந்தவை ஒன்றரை, இரண்டு மி.மீ. தட்டையான முகங்கள், கூர்மையான விளிம்புகள், முகங்களில் படிப்படியாக இணைகோடுகள். அடிப்பகுதிக்குப் பக்கத்தில் உள்ளே குழிந்த கிண்ணங்கள்கூட வளர்ந்திருந்தன. பனிச்சரிவுத் துறையில் டெப்த் ஹோர் என்று சொல்வது இதைத்தான். கிண்ணத்தின் வாய் எப்போதும் கீழே பார்த்தே இருக்கும். ஆவி வருவது அங்கிருந்துதான், வளர்வதும் அந்தப் பக்கம்தான். ஒரு குறுணையை அது இருந்த நிலையிலேயே எடுக்க முடிந்தால் தலைப்பக்கம் மழுங்கியும் அடிப்பக்கம் கூர்மையாகவும் இருப்பதைப் பார்க்கலாம். மேலே ஆவியாகி இழக்கிறது, கீழே படிந்து வளர்கிறது. இதை முதல்முறை பார்த்தபோது, உயிரில்லாத ஒன்றுக்கு இப்படி ஒரு திசை இருக்கிறதே என்று வெகுநேரம் லென்ஸை விட்டு எழ மனமில்லை.

சில குறுணைகளைச் சூப்பர் க்ளூவில் படிவமெடுத்து வைத்தேன். கண்ணாடிச் சில்லு, பசை, மூடிக் கண்ணாடி மூன்றையும் நன்றாகக் குளிரவைத்து, குறுணையின்மேல் ஒரு சொட்டு விட்டு மூடி, ஃப்ரீசரிலேயே ஒன்றிரண்டு வாரம் விட வேண்டும். குளிரில் பசை மிக மெதுவாகத்தான் கெட்டியாகும். பிறகு பனிக்கட்டி போய்விடும், வடிவம் மட்டும் பசையில் நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் அவசரமில்லாமல் பார்க்க இதைவிட நல்ல வழி வீட்டுச் சோதனைக்கு இல்லை. பசையின் புகை கண்ணை எரிக்கும் என்பதால் காற்றோட்டம் அவசியம்.

வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளை இல்லை

இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்துச் சாதாரணமாகப் படமெடுத்தால் இரண்டும் சமமான வெண்மை. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பனிக்கட்டி கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை, குறுணை சிறிதானாலும் பெரிதானாலும் ஒளி சிதறித் திரும்பி வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அடுத்துள்ள அகச்சிவப்பில் கதை வேறு. அங்கே பனிக்கட்டி கொஞ்சம் உறிஞ்சும். குறுணை பெரிதானால், ஒரு சிதறலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒளி பனிக்கட்டிக்குள் பயணிக்கும் தூரம் கூடும், உறிஞ்சலும் கூடும்.

அகச்சிவப்பை மறைக்கும் வடிகட்டி கழற்றிய ஒரு பழைய கேமராவும், 940 நானோமீட்டர் எல்.இ.டிகளும் போதுமானவையாக இருந்தன. திரையில் சமநிலைப் பெட்டி வெளுப்பு, சரிவுப் பெட்டி தெளிவான சாம்பல் நிறம். சரிவுப் பெட்டியின் பக்கச்சுவரை வெட்டிப் படமெடுத்தபோது இன்னும் நன்றாக இருந்தது. பெரிய குறுணைகள் உள்ள அடிப்பகுதி கருத்தும், மேலே போகப் போக வெளுத்தும் தெரிந்தது. ஒரே வெண்மையாகத் தெரிந்த சுவர், நுண்ணமைப்பின் வரைபடமாகவே மாறிவிட்டது. பனிக்குழியின் சுவரை இப்படிப் படமெடுத்து, ஒரு கிலோ பனியில் எத்தனை சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது என்று கணக்கிடும் முறையை மாட்ஸ்ல், ஷ்னேபெலி இருவரும் 2006-இல் வகுத்தார்கள்.

அந்தப் பரப்பைத் தோராயமாகக் கணக்கிடுவது கடினமில்லை. மூன்றை, பனிக்கட்டியின் அடர்த்தியாலும் குறுணையின் ஆரத்தாலும் வகுத்தால் போதும். ஆரம் 0.1 மி.மீ என்றால் கிலோவுக்கு 33 சதுர மீட்டர். 0.5 மி.மீ என்றால் ஆறரை. புதுப்பனியில் 60-ஐத் தாண்டுவதும் உண்டு. பனி எவ்வளவு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பது அதன்மேல் படிந்த தூசியோடு இந்தப் பரப்பையும் பொறுத்தே இருக்கிறது. புதுப்பனி 80, 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், நாள்பட்டுக் குறுணை பெருத்த பனியில் அது நன்றாகவே குறைந்துவிடும்.

காற்று போகும் வழியும் சோதித்தேன். மீன்தொட்டிப் பம்பால் பனித்துண்டின் வழியே காற்றைச் செலுத்தி, இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசத்தைத் தண்ணீர்க் குழாயில் பார்ப்பது. சரிவுப் பனியில் தண்ணீர் மட்டம் மிகக் கொஞ்சமே ஏறியது. ஆய்வாளர் ஷிமிசு 1970-இல் கொடுத்த சூத்திரப்படி, அடர்த்தி ஒன்றாகவே இருந்தால் காற்று ஊடுருவும் திறன் குறுணை அளவின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அளவு இரட்டித்தால் நான்கு மடங்கு. என் குழாயில் அந்தத் துல்லியம் இல்லை, ஆனால் போக்கு அதுதான்.

வெப்பம் காட்டிய விந்தை

இப்போது அக்ரிலிக் பலகை. அதன் கடத்துத்திறன் தெரிந்தது, சுமார் 0.19. பனியும் அக்ரிலிக்கும் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால் இரண்டின் வழியாகவும் போவது ஒரே வெப்பம். அக்ரிலிக்கின் இருபுறமும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பார்த்தால் வெப்பம் எவ்வளவு என்று தெரியும். அதைப் பனியின் சரிவால் வகுத்தால் பனியின் கடத்துத்திறன். தொடக்கத்தில் அந்த வித்தியாசம் 1.6 டிகிரி. கணக்கிட்டால் 0.10 வந்தது, எதிர்பார்த்த அளவே.

குறுணைகள் பிரிந்து உதிரத் தொடங்கினால் கடத்துத்திறன் குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். பிணைப்பு தளர்ந்தால் வெப்பம் போகும் வழியும் குறைய வேண்டும் அல்லவா? நடந்தது நேரெதிர். நாளாக ஆக அக்ரிலிக்கின் வித்தியாசம் ஏறிக்கொண்டே போய் 2.2 டிகிரிக்கு வந்து நின்றது. பனியின் கடத்துத்திறன் 0.14. சென்சார் பிசகை எவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் இந்த ஏற்றம் மறையவில்லை. அடர்த்தி மாறாமலேயே கடத்துத்திறன் கூடுவதை ஷ்னேபெலி, சோக்ரடோவ் இருவரும் 2004-இல் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

இந்த முரணுக்கு விடை குறுணைகள் வளர்ந்த திசையில் இருக்கிறது. ஆவி மேல்நோக்கிப் போகிறது, குறுணைகள் அதே கோட்டில் கீழ்நோக்கி வளர்ந்து ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிகளாகின்றன. பனிக்கட்டியின் கடத்துத்திறன் 2.2, காற்றினுடையது 0.024. நூறு மடங்கு வித்தியாசம். செங்குத்தாக நிற்கும் சங்கிலி வெப்பத்துக்கு நேர்வழி. பக்கவாட்டில் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே இணைப்பு அருகிப்போகிறது. அதனால்தான் முஷ்டி இறங்குகிறது, பக்கவாட்டுத் தள்ளலில் முழு அடுக்கும் சரிகிறது. மேலிருந்து மெதுவாக ஏறும் எடையை ஓரளவு தாங்கிக்கொண்டே, பக்கவாட்டில் ஒரு சிறு அதிர்ச்சிக்கு நொறுங்கிவிடும் அடுக்கு. மலைச்சரிவில் புதுப்பனி இதன்மேல் ஏறி உட்காரும்போது பனிச்சரிவுக்கான நிலம் தயாராகிவிடுகிறது. மலைச்சரிவில் போகிறவர்கள் குழிதோண்டி அடிப்பகுதியைக் கையில் அள்ளிப் பார்ப்பது இதற்காகவே. பாறைகளைச் சுற்றியும், பனி மெலிதாக உள்ள இடங்களிலும் முதலில் தேட வேண்டும். கனம் குறைந்தால் அதே வெப்பநிலை வித்தியாசத்துக்கு வெப்பநிலைச் சரிவு கூடும் என்ற கணக்கு அங்கேயும் அதேதான்.

கெட்ட பனி மறுபடி நல்ல பனியாகுமா என்று பார்க்க, சரிவுப் பெட்டியில் மிஞ்சியதில் ஒரு பகுதியைச் சமநிலை டப்பாவுக்கு மாற்றினேன். புதுப்பனி ஓரிரவில் இறுகிய அதே மைனஸ் 9 டிகிரியில், இது வாரக்கணக்கில் கிடந்தும் நான்கு விரல் படியைக்கூடச் சரியாகத் தொடவில்லை. விளிம்புகள் மட்டும் சற்று மழுங்கின. வளைவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு வேகம். நுண்ணிய நட்சத்திரக் கைகளை விரைவாகக் கரைத்த அந்த விசை, இரண்டு மி.மீ குறுணையின் பெரிய தட்டை முகங்களில் மிகவும் பலவீனமானது. தொடும் இடங்களும் கொஞ்சம்தான், கழுத்து வளர வேண்டிய மூலைகளே அரிது. சீசன் தொடக்கத்தில் உருவான டெப்த் ஹோர் அடுக்கு மாதங்கள் கழித்தும் அபாயமாகவே கிடப்பதன் காரணம் இப்போது எனக்கு விரல் நுனியில் தெரிகிறது.

பெட்டியை இப்போது வேறுவிதமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மேல்தகட்டிலும் ஒரு ஹீட்டரைப் பொருத்தி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சரிவின் திசையைத் திருப்பப் போகிறேன். பகலில் வெயில், இரவில் தெளிந்த வானம் என்று பனியின் மேற்பரப்பு அனுபவிப்பது அதைத்தான். ஆவியோட்டம் அதே அளவு இருந்தும், திசை மாறி மாறி வந்தால் குறுணைகள் கூர்மையாகாமல் உருண்டையாகவே இருக்கும் என்று பின்ட்ஸர், ஷ்னேபெலி 2009-இல் காட்டியிருக்கிறார்கள். அகச்சிவப்புக் கேமராவைப் பெட்டியின் பக்கச்சுவரில் நிரந்தரமாகவே பொருத்திவிட்டால் ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டிய அவசியம் இருக்காது. அதற்கான ஜன்னலில் உறைபனி படியாமல் இருக்க இரட்டைக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.